300 பில்லியன் டாலர்: யார் கொடுப்பது, எந்தக் கணக்கில் எழுதுவது?

கண்மாய்க்கரை:

பிரேசிலின் பெலெம் நகரில் 2025 நவம்பரில் நடந்த ஐ.நா. காலநிலை மாநாட்டுச் செய்திகளைப் படித்ததிலிருந்து ஒன்று உறுத்திக்கொண்டே இருக்கிறது. அதைப் பேசத்தான் இந்த இழை.

2024 நவம்பரில் அஜர்பைஜான் தலைநகர் பாகுவில் ஐ.நா. காலநிலை மாநாடு நடந்தது நினைவிருக்கும். புவி வெப்பமாவதைச் சமாளிக்க வளரும் நாடுகள் கேட்டது ஆண்டுக்கு 1.3 டிரில்லியன் டாலர். கிடைத்தது, 2035 வாக்கில் ஆண்டுக்கு 300 பில்லியன், அதாவது 30,000 கோடி டாலர் என்ற இலக்கு. அதிலும் வாசகத்தைக் கவனியுங்கள். பணக்கார நாடுகள் "முன்னின்று திரட்டும்" என்றுதான் இருக்கிறது, "தரும்" என்று இல்லை. அரசுப் பணம், வங்கிக் கடன், தனியார் முதலீடு எல்லாமே அந்தத் தொகைக்குள் அடக்கம். கேட்ட 1.3 டிரில்லியன், எல்லாரும் சேர்ந்து முயல்வோம் என்ற ஒரு வரியாக ஒதுங்கிப் போனது. விடியற்காலையில் மாநாட்டுத் தலைவர் சுத்தியலைத் தட்டி நிறைவேறியது என்று அறிவித்த பிறகுதான் இந்தியப் பிரதிநிதி சாந்தினி ரைனாவால் எழுந்து பேச முடிந்தது. இது வெறும் கண்கட்டு என்றார் அவர்.

அதற்கு முந்தைய வாக்குறுதியின் கதையும் தெரிந்ததுதான். 2020-க்குள் ஆண்டுக்கு 100 பில்லியன் என்று 2009-ல் கோபன்ஹேகனில் சொன்னார்கள். அவர்களே போட்ட கணக்குப்படி அதைத் தொட்டது 2022-ல். அந்த ஆண்டு வந்த அரசுப் பணத்தில் பத்தில் ஏழு பங்கு கடன்.

எங்கள் ஊர் சிவகங்கைப் பக்கம். என் தாத்தா காலத்தில் கண்மாய்க்குக் குடிமராமத்து நடக்கும். கரைக்கு மண் போடுவது, மடையைச் சரிபார்ப்பது, வரத்துக்கால் வெட்டுவது எல்லாம் ஊரே சேர்ந்து செய்யும். வீட்டுக்கு ஓர் ஆள் என்று கணக்கு வைப்பதில்லை. யாருக்கு எவ்வளவு நிலம் அந்தத் தண்ணீரில் பாய்கிறதோ அதற்கேற்ற ஆள். பத்து ஏக்கர்காரர் பத்துப் பேரை அனுப்புவார். ஒரு ஏக்கர்காரர் தானே மண்வெட்டியோடு வந்து நிற்பார். கரை உடைந்தால் எல்லார் வயலும் போகும் என்பதால் வேலை பொது. பாய்ச்சிய அளவு வேறு என்பதால் பங்கு வேறு.

1992-ல் ரியோவில் உலக நாடுகள் கையெழுத்திட்ட உடன்படிக்கையிலும் இதேதான் இருக்கிறது: பொதுவான, ஆனால் வேறுபட்ட பொறுப்பு. 1850-லிருந்து நிலக்கரி, எண்ணெய், எரிவாயு எரித்து வானத்தில் சேர்ந்த கார்பன் டை ஆக்சைடில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு அமெரிக்கா ஒன்றே விட்டது. 140 கோடிப் பேர் வாழும் இந்தியாவின் பங்கு 4 சதவீதத்துக்கும் கீழ். பத்து ஏக்கர்காரர் ஆள் அனுப்பாமல், ஒரு ஏக்கர்காரனுக்கு வட்டிக்குப் பணம் தருகிறேன் என்கிறார். இதை எப்படி நியாயம் என்பது?

புதியவன்21:

ஒரு சந்தேகம் அண்ணா. யார் தர வேண்டும் என்று எங்காவது பெயர் போட்டு எழுதியிருக்கிறதா, இல்லை பொதுவாகப் பணக்கார நாடு என்று சொல்கிறோமா?

மதியழகி:

எழுதியிருக்கிறது தம்பி. எனக்கு உறுத்துவதும் அங்கேதான்.

1992 உடன்படிக்கையின் பின்னால் இரண்டு பட்டியல்கள் உண்டு. முதல் பட்டியல், உமிழ்வைக் குறைப்பதில் முன்னே நிற்க வேண்டிய நாடுகள். இரண்டாவது, பணமும் தர வேண்டிய நாடுகள். அந்த இரண்டாவது பட்டியல் எப்படி வந்தது என்றால், அன்றைக்குப் பணக்கார நாடுகளின் கூட்டமைப்பான ஓஇசிடி அமைப்பில் யார் இருந்தார்களோ அவர்கள். அவ்வளவுதான். தென் கொரியா அந்த அமைப்பில் சேர்ந்தது 1996-ல், அதனால் பட்டியலில் இல்லை. சிங்கப்பூர் இல்லை. கத்தார், குவைத், ஐக்கிய அமீரகம், சவூதி எதுவும் இல்லை. ஆண்டுக்குத் தலைக்கு 35 டன்னுக்கு மேல் கார்பன் விடும் கத்தார் இன்றும் "வளரும் நாடு" என்ற வரிசையில்தான் உட்கார்ந்திருக்கிறது. துருக்கி உறுப்பினராக இருந்ததால் மாட்டிக்கொண்டது, பல வருடம் போராடி 2001-ல் பணம் தரும் பட்டியலிலிருந்து பெயரை எடுத்துக்கொண்டது. ஆக, பட்டியலை மாற்ற முடியும். வெளியே போக ஒரு நாட்டுக்குக் கதவு திறந்தது. உள்ளே வர இதுவரை யாருக்கும் திறக்கவில்லை.

கண்மாய்க்கரை ஐயா, உங்கள் குடிமராமத்து உதாரணம் எனக்குப் பிடித்திருந்தது. அதையே நானும் எடுத்துக்கொள்கிறேன். நிலம் கை மாறினால் ஊர் நோட்டில் பெயர் மாறாதா? முப்பது வருடம் முன்னால் ஒரு ஏக்கர் வைத்திருந்தவர் இன்றைக்கு எட்டு ஏக்கர் வாங்கிவிட்டார். "என் பெயருக்கு நேரே ஒரு ஆள் என்றுதானே எழுதியிருக்கிறது" என்று அவர் சொன்னால் உங்கள் தாத்தா விட்டிருப்பாரா? இன்றைக்கு உலகம் ஓர் ஆண்டில் விடும் கார்பனில் மூன்றில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் குறைவாகச் சீனாவுடையது. தலைக்கணக்கில் ஐரோப்பிய ஒன்றியத்தைத் தாண்டிவிட்டது. வரலாற்றுக் கணக்கில்கூட ஒன்றியத்தின் 27 நாடுகளும் சேர்ந்து விட்ட அளவை நெருங்கிவிட்டது.

2025 ஜூலை 23 அன்று சர்வதேச நீதிமன்றம் தந்த ஆலோசனைக் கருத்தைப் படித்தீர்களா? வனுவாட்டு என்ற குட்டித் தீவு நாடு முன்னின்று, பசிபிக் மாணவர்கள் தொடங்கி வைத்து வந்த வழக்கு அது. காலநிலையைக் காப்பது நாடுகளின் சட்டக் கடமை என்று நீதிபதிகள் ஒருமனதாகச் சொன்னார்கள். அதே கருத்தில் இன்னொன்றும் இருக்கிறது: வளர்ந்த நாடு, வளரும் நாடு என்ற நிலை மாறாதது அல்ல, இன்றைய சூழலை வைத்துப் பார்க்க வேண்டும் என்கிறது. முதல் பாதியை மட்டும் எடுத்துக்காட்டாகச் சொல்லக் கூடாது.

பசிபிக் தீவு நாடான துவாலுவில் மொத்தமே 11,000 பேர் அளவில்தான் இருக்கிறார்கள். ஆண்டுக்கு 280 பேரை ஆஸ்திரேலியாவில் குடியேற்றிக்கொள்ள 2023-ல் ஒப்பந்தம் போட்டிருக்கிறார்கள். ஊரே காலியாகும் கணக்கு அது. வீட்டு வாசலில் கடல் நிற்கும்போது பட்டியலைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருப்பது யாருக்கு நியாயம்?

கண்மாய்க்கரை:

மதியழகி, சீனாவைப் பற்றிச் சொன்னதில் பாதியை ஒப்புக்கொள்கிறேன். கத்தார் விஷயத்தில் முழுக்கவே. ஆனால் இந்த வாதம் எப்போதும் சீனாவில் தொடங்கி இந்தியாவில்தான் வந்து நிற்கும். "பெரிய வளரும் நாடுகள்" என்று ஒரே மூச்சில் இரண்டையும் சேர்த்துவிடுவார்கள். இந்தியரின் தலைக்கணக்கு 2 டன். உலகச் சராசரி 4.7. சீனா எட்டைத் தாண்டியது. அமெரிக்கா 14. இதை ஒரே தராசில் வைப்பது எப்படி?

பட்டியலில் இருந்தவர்கள் தங்கள் பங்கைச் செய்து முடித்துவிட்டு, "இனி நீங்களும் வாருங்கள்" என்று கூப்பிட்டிருந்தால் நான் முதல் ஆளாகக் கைதட்டியிருப்பேன். நடந்தது என்ன? வளர்ந்த நாடுகள் உமிழ்வைக் குறைப்பதற்கான கியோட்டோ ஒப்பந்தம் உருவானது 1997 டிசம்பரில். அதற்கு ஐந்து மாதம் முன்னாலேயே அமெரிக்க செனட் 95-க்கு 0 என்று தீர்மானம் போட்டது: வளரும் நாடுகளுக்கும் அதே காலத்தில் கட்டுப்பாடு இல்லையென்றால் கையெழுத்துப் போடாதே. ஒருவர்கூட எதிர்த்து ஓட்டுப் போடவில்லை. 2001-ல் அதிபர் புஷ் மொத்தமாகக் கைகழுவினார். 2011-ல் கனடா வெளியேறுவதாக அறிவித்தது.

அப்புறம் பாரிஸ் காலநிலை ஒப்பந்தம். 2015 டிசம்பர் 12 மாலை எல்லாம் முடிந்தது என்று உட்கார்ந்திருக்கிறார்கள், கூட்டம் தொடங்கவே இல்லை. காரணம் ஒரே ஒரு சொல். வளர்ந்த நாடுகள் உமிழ்வைக் குறைக்கும் இலக்கை ஏற்பதில் முன்னே நிற்பது பற்றிய வரியில், சட்டப்படி கட்டுப்படுத்தும் சொல் விழுந்திருந்தது. தமிழில் சொன்னால் "செய்தாக வேண்டும்". அது இருந்தால் ஒப்பந்தம் அமெரிக்க செனட்டுக்குப் போக வேண்டும், அங்கே தேறாது. "செய்ய வேண்டும்" என்று இளக்கினார்கள். அதை எழுத்துப்பிழைத் திருத்தங்களோடு திருத்தமாக மேடையிலிருந்து வாசித்துவிட்டுத் தீர்மானம் நிறைவேறியது. அத்தனை விட்டுக்கொடுத்தும் அமெரிக்கா 2020-ல் வெளியே போனது, 2021-ல் திரும்பி வந்தது, 2025 ஜனவரியில் மறுபடி விலகக் கையெழுத்தானது. பெலெமுக்கு அரசுத் தூதுக்குழுவே அனுப்பவில்லை. பத்து ஏக்கர்காரர் ஊரை விட்டே போய்விட்ட பிறகு, அவர் பங்கை யார் தலையில் கட்டலாம் என்று தேடுவதைப் "பட்டியலைப் புதுப்பிப்பது" என்று என்னால் சொல்ல முடியவில்லை.

மதியழகி:

அமெரிக்கா செய்ததற்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. ஆனால் பணக்கார நாடுகள் என்றால் அமெரிக்கா மட்டும் இல்லையே. ஐரோப்பிய ஒன்றியம் 1990-ல் விட்டதைவிட மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைத்துவிட்டது. கியோட்டோ இலக்கை எட்டியது. செய்தவரையும் ஓடியவரையும் ஒரே பெயரில் திட்டினால் செய்தவருக்கு என்ன தோன்றும்?

அம்பத்தூர் ராஜு:

ஐரோப்பா பேச்சு வந்ததால் எழுதுகிறேன். பொதுவாகப் படித்துவிட்டுப் போகிறவன் நான்.

சின்னதாகப் போல்ட், நட்டு செய்யும் கம்பெனி நடத்துகிறேன். 38 பேர் வேலை செய்கிறார்கள். ஜெர்மனியில் ஒரு வாடிக்கையாளர், பதினோரு வருடப் பழக்கம். 2023 அக்டோபருக்குப் பிறகு அவரிடமிருந்து ஓர் எக்செல் ஷீட் வர ஆரம்பித்தது. இரும்பு, அலுமினியம், சிமென்ட், உரம் போன்றவை ஐரோப்பாவுக்குள் போனால் அதைச் செய்யும்போது எவ்வளவு கார்பன் வந்தது என்று கணக்குக் கொடுக்க வேண்டும். போல்ட்டும் அதில் சேர்ந்தது. 2026 ஜனவரியிலிருந்து அந்தக் கணக்குக்கு ஏற்ப இறக்குமதி செய்பவர் காசு கட்ட வேண்டும்.

அந்த ஷீட்டை முதல் தடவை திறந்து பார்த்த அன்று நானும் என் கணக்குப் பெண்ணும் இரவு ஒன்பது மணி வரை உட்கார்ந்திருந்தோம். என் கரண்ட் பில் தெரியும், ஃபர்னஸுக்கு எவ்வளவு எரிவாயு போகிறது என்பது தெரியும், அதை எழுதிவிட்டேன். ஆனால் போல்ட்டின் கார்பனில் பெரும்பங்கு நான் விடுவது இல்லை, நான் மூலப்பொருளாக வாங்கும் ஒயர் ராட் என்ற எஃகுக் கம்பியில் ஏற்கெனவே இருப்பது. அது எந்த ஆலையில், எந்த உலையில் உருகியது என்று கேட்கிறார்கள். நான் வாங்குவது வியாபாரியிடம். அவரிடம் கேட்டால் "காயில் மேல டேக் இருந்தா பாத்துச் சொல்றேன் சார்" என்கிறார். விவரம் இல்லை என்றால் அவர்களே ஒரு பொது அளவை வைத்துக்கொள்வார்கள். அது உண்மையைவிடக் கூடுதலாகத்தான் இருக்கும். நம் நாட்டில் ஒரு டன் எஃகு செய்யச் சராசரியாக இரண்டரை டன் கார்பன் வெளியாகிறது. உலகச் சராசரி இரண்டுக்கும் கீழ். ஆக அடி நிச்சயம்.

எனக்கு ஒன்றுதான் தெரிய வேண்டும். வேறுபட்ட பொறுப்பு என்று ஒப்பந்தத்தில் எழுதியிருக்கிறார்கள். ஆனால் என் போல்ட்டுக்கும் ஜெர்மனிக்காரன் போல்ட்டுக்கும் கார்பன் விலை ஒன்றே. அப்போது அந்த "வேறுபட்ட" எங்கே போனது?

மதியழகி:

ராஜு சார், உங்கள் கேள்விக்கு மழுப்பாமல் பதில் சொல்கிறேன். ஐரோப்பா போடும் அந்தக் கார்பன் வரி வந்ததன் காரணம் எனக்குப் புரிகிறது. ஐரோப்பிய ஆலை கார்பனுக்கு விலை கட்டுகிறது. வெளியிலிருந்து விலை கட்டாத எஃகு வந்தால் அங்கே ஆலை மூடும், அதே புகை வேறு நாட்டில் கிளம்பும், வானத்துக்கு ஒரு லாபமும் இல்லை. ஆண்டுக்கு மொத்தம் 50 டன்னுக்குள் இறக்குமதி செய்பவர்களுக்கு இப்போது விலக்கும் கொடுத்திருக்கிறார்கள், உங்கள் வாடிக்கையாளர் அதற்குள் வருகிறாரா என்று கேட்டுப் பாருங்கள். இந்தியாவிலேயே கார்பனுக்கு விலை கட்டியிருந்தால் அதைக் கழித்துக்கொள்ளவும் சட்டத்தில் இடம் இருக்கிறது. நம் நாட்டுக் கார்பன் சந்தைத் திட்டம் 2023-லேயே அறிவிக்கப்பட்டது. அது வேகமாக நடைமுறைக்கு வந்தால் அந்தப் பணம் இங்கேயே தங்கும்.

ஆனால் நீங்கள் சொன்ன ஓர் இடத்தில் எனக்கு மறுபேச்சு இல்லை. அங்கே வசூலாகும் பணம் ஐரோப்பாவின் கஜானாவுக்குப் போகிறது. அம்பத்தூர் பட்டறையிலிருந்து எடுத்த காசு அம்பத்தூர் உலையை மாற்றத் திரும்பி வரவில்லை என்றால் அது தவறுதான்.

சிங்கை குமரன்:

மதியழகி அக்கா எங்கள் ஊரைப் பட்டியலில் இல்லாத நாடு என்று சொன்னார். உண்மை. இங்கே 2019-லிருந்து கார்பன் வரி உண்டு. டன்னுக்கு 5 வெள்ளியில் (சிங்கப்பூர் டாலர்) தொடங்கி 2024-ல் 25 ஆனது, 2026-ல் 45. வருடத்தில் பாதி நாள் குளிரூட்டியில் வாழ்கிறேன், நல்ல சம்பளம் வாங்குகிறேன். துவாலுவுக்கு என் நாடு பணம் தர வேண்டும் என்று யாராவது சொன்னால் எனக்கு அதில் ஒரு வருத்தமும் இல்லை. 1992-ல் பட்டியல் எழுதியவர்களுக்கு இன்றைய சிங்கப்பூரைத் தெரியாது. நமக்குத் தெரியும்.

மலையகத்தான்:

நான் இலங்கை, பதுளைப் பக்கம். இரண்டு நாளாக இந்த இழையைப் படித்துக்கொண்டிருக்கிறேன்.

பெலெமில் மாநாடு முடிந்து ஒரு வாரம் ஆகவில்லை, நவம்பர் 28-ம் திகதி டித்வா புயல் எங்கள் நாட்டுக்குள் வந்தது. 600 பேருக்கு மேல் இறந்தார்கள். அதிகம் பேர் மலையில் மண் சரிந்துதான். என் சித்தி இருந்த தோட்டத்தில் லயத்துக்கு, அதாவது தொழிலாளர்களின் வரிசை வீடுகளுக்கு, பின்னால் இருந்த தேயிலை மலை இரவோடு இரவாக இறங்கிவிட்டது. பக்கத்துக் காம்பராவில் (அறையில்) இருந்தவர்கள் இரவு பதினொரு மணிக்குக் கதவைத் தட்டி, "சுவருக்குள்ளே தண்ணி சத்தம் கேக்குது, வெளியே வாங்க" என்று கூப்பிட்டிருக்கிறார்கள். அந்தச் சத்தம்தான் சித்தியைக் காப்பாற்றியது. விடிந்து பார்த்தால் லயத்தில் கடைசி நான்கு காம்பரா இல்லை. கோயில் மண்டபத்தில் மூன்று வாரம் இருந்தார்கள்.

கடல் சூடானால் காற்றில் ஈரம் கூடும், ஒரு டிகிரிக்கு ஏறத்தாழ 7 சதவீதம் என்று சொல்கிறார்கள். அந்த ஈரம் ஒரே நாளில் எங்கள் மலையில் கொட்டுகிறது. இலங்கையில் ஓர் ஆள் வருடத்துக்கு விடும் கார்பன் ஒரு டன் அளவுதான். சித்தி விடுவது அதில் எத்தனை பங்கு இருக்கும்? விறகடுப்பு, ஒரு பல்பு, மாதம் ஒரு தடவை டவுனுக்கு பஸ்.

அதற்குப் பிறகு என்ன வந்தது? சர்வதேச நாணய நிதியம் 20 கோடி டாலர் அளவுக்கு அவசர நிதி கொடுத்தது. கடன். 2022 ஏப்ரலில் கடன் கட்ட முடியாது என்று கையை விரித்த நாடு நாங்கள். பெட்ரோலுக்கு மூன்று நாள் வரிசையில் நின்றவர்கள். அந்தக் காயம் ஆறுவதற்குள், நாங்கள் செய்யாத ஒரு தவறுக்கு வந்த அழிவைச் சரிசெய்ய மறுபடி கடன். பாகிஸ்தானிலும் இதுதானே நடந்தது. 2022 வெள்ளத்தில் 3.3 கோடிப் பேர் பாதிக்கப்பட்டார்கள், 30 பில்லியன் டாலருக்கு மேல் நட்டம், ஜெனீவாவில் வாக்களித்த 9 பில்லியனில் பெரும்பகுதி கடன்.

இழப்புக்கும் சேதத்துக்கும் என்று தனி நிதி வைக்க 2022-ல் எகிப்தில் சம்மதித்தார்கள். முப்பது வருடம் கேட்டு வாங்கியது. எல்லா நாடும் சேர்ந்து வாக்களித்த தொகை இன்னும் ஒரு பில்லியன் டாலரைத் தொடவில்லை. அமெரிக்கா சொன்னது 1.75 கோடி டாலர். முதல் சுற்றாக 25 கோடி டாலருக்கு விண்ணப்பம் கேட்டது பெலெமில்தான். உலகம் முழுவதற்கும் 25 கோடி.

ஒன்றை மனம் நோகாமல் சொல்ல வேண்டும், கண்மாய்க்கரை அண்ணா. புயல் அடித்ததும் முதலில் ஓடிவந்தது இந்தியா. கப்பலும் ஹெலிகாப்டரும் வந்தன, ஆட்களைத் தூக்கி எடுத்தார்கள். அதை நாங்கள் மறக்க மாட்டோம். அதற்குப் பிறகு இந்தியா அறிவித்த உதவி 45 கோடி டாலர். அதில் 10 கோடி மானியம். 35 கோடி சலுகைக் கடன். நீங்கள் முதல் பதிவில் பத்தில் ஏழு பங்கு கடன் என்று வருத்தப்பட்டீர்கள். இதிலும் ஏறத்தாழ அதே கணக்குத்தான் வருகிறது.

கண்மாய்க்கரை:

தம்பி, சித்தி பிழைத்தது பெரிய ஆறுதல். உங்கள் பதிவைப் படித்துவிட்டு உடனே பதில் எழுத முடியவில்லை.

45-ல் 35 கடன் என்பது செய்தியாக எனக்குத் தெரியும். அன்றைக்கு அதைப் படித்தபோது பெருமையாகத்தான் இருந்தது. பாகு கணக்கோடு பக்கத்தில் வைத்துப் பார்க்கத் தோன்றவே இல்லை. அடுத்தவர் தரும்போது எத்தனை பங்கு கடன் என்று எண்ணிய நான், என் நாடு தரும்போது மொத்தத் தொகையை மட்டும் பார்த்திருக்கிறேன். இது என் தவறு.

ஆனாலும் ஒன்றைப் பிரித்துத்தான் ஆக வேண்டும். இந்தியா உங்களுக்குச் செய்தது அண்டை வீட்டுக்காரன் செய்யும் உதவி. அதில் கடன் அதிகம், மானியம் குறைவு, அது மாற வேண்டும் என்று நானும் கேட்பேன். அமெரிக்காவும் ஐரோப்பாவும் தர வேண்டியது உதவி இல்லை. அவர்கள் வானத்தில் தங்கள் பங்குக்கு மேல் எடுத்துக்கொண்டார்கள், அதற்கான பாக்கி. பாக்கியைக் கடனாகத் தருகிறேன் என்று எந்த ஊரிலும் சொல்ல முடியாது.

இது இப்போது பிறந்த வாதமும் இல்லை. வயலில் வரும் மீத்தேனையும் காரில் வரும் புகையையும் ஒன்றாகக் கூட்டி, இந்தியாவும் பெரிய குற்றவாளிதான் என்று வாஷிங்டனிலிருந்து ஓர் ஆய்வு நிறுவனம் கணக்குக் காட்டியபோது, 1991-ல் தில்லியிலிருந்து சூழலியலாளர்கள் அனில் அகர்வாலும் சுனிதா நாராயணும் திருப்பிக் கேட்டார்கள்: உயிர் வாழ விடும் புகையும் சொகுசுக்கு விடும் புகையும் ஒன்றா? நெல் நடுகிறவனுக்கு வேறு வழி உண்டா? இந்தக் கேள்விக்கு முப்பத்தைந்து வருடமாக நேரான பதில் இல்லை.

மதியழகி:

அந்தக் கேள்வியை நானும் மதிக்கிறேன் ஐயா. அதே கேள்வியை நாட்டுக்குள்ளும் கேட்கலாமே. 2 டன் என்பது சராசரி. அந்தச் சராசரியில் மூன்று கார் வைத்திருக்கும் வீடும் இருக்கிறது, வேலியோரம் சுள்ளி பொறுக்கும் வீடும் இருக்கிறது. சுள்ளி பொறுக்குகிற அம்மாவின் எண்ணைக் காட்டித்தான் மூன்று கார் வீட்டுக்கும் சேர்த்து வெளியே வாதாடுகிறோம். வெளியே வாதாடி வாங்குகிற அந்த இடம் உள்ளே யாருக்குப் போகிறது?

2021-ல் கிளாஸ்கோவில் நிலக்கரியை "ஒழிப்பது" என்ற சொல்லைக் கடைசி நிமிடத்தில் "குறைப்பது" என்று இந்தியா மாற்றச் சொன்னபோது, மாநாட்டுத் தலைவர் அலோக் சர்மா மேடையிலேயே தொண்டை அடைத்து மன்னிப்புக் கேட்டார். நான் அன்றைக்கு இந்தியாவின் மேல் கோபப்பட்டேன். பிறகு யோசித்தபோது, எண்ணெயையும் எரிவாயுவையும் தொடாமல் நிலக்கரியை மட்டும் ஏன் எழுதினார்கள் என்ற கேள்வியும் சரிதான் என்று பட்டது. அதில் உங்களோடு நிற்கிறேன். ஆனால் எண்ணூர்ப் பக்கம் அனல்மின் நிலையச் சாம்பலைச் சுவாசிக்கிறவர்களிடம் போய் இது நம் வளர்ச்சி உரிமை என்று என்னால் சொல்ல முடியாது.

அம்பத்தூர் ராஜு:

நியாயமாக நடந்த ஓர் ஒப்பந்தமாவது உண்டா? இல்லை எல்லாமே இப்படித்தானா?

கண்மாய்க்கரை:

உண்டு சார். ஓசோன் படலத்தைக் காக்க 1987-ல் போட்ட மாண்ட்ரியல் ஒப்பந்தம். பிரிஜ்ஜிலும் ஏசியிலும் இருந்த வாயுவை நிறுத்த வேண்டும். வளரும் நாடுகளுக்குப் பத்து வருடம் கூடுதல் அவகாசம். 1990-ல் லண்டனில் தனி நிதி ஒன்று வைத்தார்கள், மாறுவதற்கு ஆகும் கூடுதல் செலவை அதிலிருந்து கொடுத்தார்கள், திருப்பிக் கேட்காத பணமாக. இந்தியாவும் சீனாவும் அந்த நிதி வந்த பிறகுதான் சேர்ந்தன. ஓட்டை மெல்ல மூடிக்கொண்டு வருகிறது.

மதியழகி:

அவகாசம் முடிந்ததும் எல்லா நாடும் நிறுத்தியது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். சலுகைக்கு முடிவுத் தேதி இருந்தது. 1992 பட்டியலில் அது இல்லை.

நேராகவே கேட்கிறேன். இந்தியாவை விடுங்கள். சீனாவும் வளைகுடா நாடுகளும் சிங்கப்பூரும் தென் கொரியாவும் பணம் தரும் வரிசைக்கு வர வேண்டுமா, வேண்டாமா?

கண்மாய்க்கரை:

வர வேண்டும். சீனா 2016-லிருந்து 177 பில்லியன் யுவானுக்கு மேல் மற்ற வளரும் நாடுகளுக்காகத் தந்தும் திரட்டியும் இருப்பதாகப் பாகுவில் அதுவே சொன்னது. கொடுப்பது உண்மையென்றால் அதை எல்லாரும் பார்க்கும் நோட்டில் எழுதுவதற்கு என்ன தயக்கம்? எது மானியம், எது கடன், எது தன் கம்பெனிக்கே திரும்பிப் போன காண்டிராக்ட் என்று தெரிய வேண்டும். அதே நோட்டில் இந்தியா இலங்கைக்குக் கொடுத்த 10 கோடியும் 35 கோடியும் தனித்தனியாக இருக்கட்டும். இன்றைக்கு அதை ஒப்புக்கொள்கிறேன், நேற்று ஒப்புக்கொண்டிருக்க மாட்டேன்.

ஒரு நிபந்தனை. புதிதாக வருகிறவர்களின் பணம் 300-க்கு மேல் சேர வேண்டும். அமெரிக்கா விட்டுப் போன பள்ளத்தை அதைப் போட்டு நிரவி, மொத்தம் சரியாக வந்துவிட்டது என்று காட்டினால் நான் எதிர்ப்பேன்.

மதியழகி:

அந்த நிபந்தனைக்கு நானும் கையெழுத்துப் போடுகிறேன். இந்தியா என்றைக்கு வர வேண்டும் என்பதில் நமக்குள் சண்டை பாக்கி இருக்கிறது. தலைக்கணக்கு உலகச் சராசரியைத் தொடும் அன்றைக்கு என்று நீங்கள் சொல்வீர்கள். அதுவரை காத்திருக்கத் துவாலுவுக்கு நேரம் இல்லை என்று நான் சொல்வேன்.

மலையகத்தான்:

இரண்டு பேருக்கும் நன்றி. நான் ஒன்று கேட்கிறேன், தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

அந்த 25 கோடி டாலர் சுற்றுக்கு எங்கள் அரசாங்கம் விண்ணப்பம் போட்டால், அதில் வீடு இழந்தவர்களின் விவரம் எப்படிப் போகும்? சித்தியின் லயம் தோட்டக் கம்பெனியுடையது. நிலம் அவள் பெயரில் இல்லை, காணி உறுதிப் பத்திரம் இல்லை. ஐந்து தலைமுறையாக அங்கே இருக்கிறார்கள், காகிதப்படி அவள் இழந்தது ஒன்றும் இல்லை. கிராம சேவகர் வந்து எழுதும்போது "சொந்த வீடா" என்ற இடத்தில் இல்லை என்று போட்டுவிட்டுப் போனார். ஒரு கட்டில், இரண்டு பானை, தையல் மெஷின், பிள்ளைகளின் பள்ளிச் சான்றிதழ் என்று அவளே ஒரு கொப்பியில் எழுதி வைத்திருக்கிறாள். அதைப் படம் எடுத்து வைத்திருக்கிறேன். யாருக்கு அனுப்ப வேண்டும்?

மதியழகி:

தம்பி, தனி மெசேஜில் உங்கள் ஊர்ப் பிரதேச செயலகத்தின் பெயரை அனுப்புங்கள். நாடுகள் விண்ணப்பம் போடும் விதிமுறை என்னிடம் இருக்கிறது. இன்றிரவே படித்து, நிலப் பத்திரம் இல்லாதவர்களைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்கிறேன். கொப்பியின் எல்லாப் பக்கங்களையும் படம் எடுங்கள், தேதியோடு.